கொழுந்துக்குப் போன அம்மா

மூன்றரை வயதுதான் என்றாலும் தக்ஷிகாவுக்கு உடுப்பைப் பார்த்தாலே பயணம் தெரிந்துவிடும். அம்மா நல்ல சட்டை போட்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். பிறகு கொட்டகலை கடைவீதிக்குக்கூட அவளை விட்டுவிட்டுப் போக முடியாது.

அதனால்தான் அவள் அம்மா சுலக்ஷனா அன்று அப்படிச் செய்தாள். விடிந்ததும் புதுச் சுடிதாரின் மேல் பழைய சட்டையை மாட்டினாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, சுடிதார் தெரியாதபடி கீழே இறக்கிக் கட்டினாள். தலையில் துண்டு, முதுகில் கூடை. தினமும் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேறும் அதே கோலம்.

"இதெல்லாம் தேவையா? புள்ளக்கிட்ட சொல்லிட்டே போயேன்" என்றான் கணவன் கிஷாந்த்.

"சொன்னா அழுவா. அவ அழுதா நான் போகமாட்டேங்க. ஏஜென்டுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ருமேனியாவில் ரொட்டித் தொழிற்சாலை வேலை, இரண்டு வருடம். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். பிள்ளை அழாமல் போய்விட வேண்டும் என்பது மட்டும் அவள் தனியாக எடுத்த முடிவு.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா, அவர்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் நாகலெட்சுமி அக்காவுக்கு விஷயம் தெரியும். அவள் நிமிராமல் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற?" தக்ஷிகா தினமும் கேட்பதுதான்.

"கொழுந்துக்குடி."

"கூட்டிட்டுப் போக வருவியா?"

"வருவேன். அம்மா வந்தாத்தான் நீ வெளியே வரணும், சரியா?"

இதுவும் தினமும் சொல்வதுதான். தக்ஷிகா தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள். கட்டிப்பிடித்தால் சந்தேகப்படுவாள் என்று சுலக்ஷனா கட்டிப்பிடிக்கவில்லை.

வளைவு தாண்டியதும் தேயிலை மறைவில் நின்று கூடையையும் படங்கையும் பழைய சட்டையையும் கழற்றி, அங்கே காத்திருந்த கிஷாந்திடம் கொடுத்தாள். சுடிதாரின் ஓரம் பனியில் நனைந்திருந்தது. அவன் பெட்டியை ஏஜென்டின் வேனில் ஏற்றினான். "புள்ள அழல பாத்தியா" என்றான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். வலப்பனைக்காரி பிரேமினி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ரொட்டி சுடுறதுக்கு ருமேனியா போறோமே, நம்ம அடுப்புல சுடாத ரொட்டியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "என்னாக்கா, முகம் செத்துக் கெடக்கு? புள்ளைய விட்டுட்டு வந்தீங்களா?"

"ம். சொல்லாம வந்துட்டேன்."

"அதுதான் நல்லது. எங்க அக்கா மகன் அழுத அழுகைக்கு அவ ஏர்போட்ல இருந்தே திரும்பிட்டா."

சுலக்ஷனாவுக்கு அது ஆறுதலாக இருந்தது. வட்டவளையைத் தாண்டியபோது மணி பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம். அதன்பிறகு மணி பார்ப்பது நிற்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கு மற்றப் பெண்கள் மலையிலிருந்து இறங்கும்போது வேன் கித்துல்கலையில் நின்றது. அவர்கள் மறுபடி மாலையில் இறங்கியபோது அவள் விமான நிலைய வரிசையில் நின்றாள்.

அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். ஏஜென்டின் ஆள் சிங்களத்தில் கத்தினான். விரல்களைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். கொழுந்து கிள்ளித் தேய்ந்த ரேகை இயந்திரத்தில் விழவில்லை. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள். நான்காம் முறை பச்சை விளக்கு எரிந்தது. எரியாமல் போயிருந்தால் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அந்த நினைப்புக்கே பயந்தாள்.

விமானம் ஏறுமுன் கிஷாந்தை அழைத்தாள்.

"நல்லா இருக்கா. சாப்பிட்டுத் தூங்கிட்டா" என்றான்.

"அழுதாளா?"

"இல்ல புள்ள. சத்தமே இல்ல."

ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் இறங்கியபோது பகல். வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. அவள் அதுவரை அப்படி ஒரு வெயிலைப் பார்த்ததில்லை. பாதையோரத்து மரங்களில் ஒரு இலைகூட இல்லை. தோட்டத்தில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலைபோல நாடே குச்சிகுச்சியாக நின்றது. பேருந்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. "இங்க யாராவது செத்துட்டாங்களா?" என்று பிரேமினி கேட்டபோது, சுலக்ஷனாவால் சிரிக்க முடிந்தது.

தொலைபேசியில் கிஷாந்த் ஒவ்வொரு நாளும் ஒன்றையே சொன்னான். அழவில்லை, தூங்கிவிட்டாள். நான்காம் நாள் பகல் இடைவேளையில் அவள் சொல்லாமல் வீடியோவில் அழைத்தாள். அங்கே மாலை. அவன் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றான்.

"இன்னும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

அவன் பதில் சொல்லுமுன் நாகலெட்சுமி அக்காவின் குரல் கேட்டது. "எப்பிடிக் கூட்டிட்டுப் போறது? நாலு நாளா இதே கதைதான். நீ வந்தாத்தான் வெளிய வருவாளாம். அழல, கத்தல, சோறும் சரியாத் திங்கல. நீதான் அப்பிடிச் சொன்னியாம். இருட்டுனப்புறம் தூங்குனதும் தூக்கிட்டுப் போறாரு. காலைல முழிச்சதும் மறுபடி இங்க வந்து ஒக்காந்துக்குறா."

கிஷாந்த் கீழே பார்த்தான். "உன்கிட்ட எப்பிடிச் சொல்றது..."

"அவகிட்ட குடுங்க."

திரையில் சின்ன முகம் வந்தது. எண்ணெய் வைக்காத தலை. சுலக்ஷனா தொழிற்சாலையின் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள்.

"தக்ஷி, அம்மா பொய் சொல்லிட்டேன்டி. அம்மா கொழுந்துக்குப் போகல. ரொம்பத் தூரம் வந்துட்டேன். அப்பாகூட வீட்டுக்குப் போ தங்கம்."

தக்ஷிகா நெடுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு நாகலெட்சுமி அக்கா பக்கம் திரும்பினாள்.

"இது எங்கம்மா இல்ல. எங்கம்மா கொழுந்துக்குப் போயிருக்கு."

தொலைபேசி தக்ஷிகாவின் மடியில் சரிந்து வாசல் பக்கம் திரும்பியது. இப்போது சுலக்ஷனாவின் திரையில் மலைப்பாதை தெரிந்தது. கூடையும் படங்குமாகப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது.

சுலக்ஷனாவும் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, கடைசிப் பெண் வளைவைத் தாண்டி வரும்வரை.