ஒன்பதாம் எண் முயல் (பொறுப்பு)

ஒன்பதாம் எண் முயல் மருத்துவ விடுப்பில் போனதால், இசக்கியம்மாள் பதினொரு வாரமாக அதன் கூண்டில் கூடுதல் பொறுப்பு வகித்து வந்தாள். ஆய்வகத்தில் விலங்குகளைக் கவனிப்பது அவளுடைய நிரந்தர வேலை. அதையும் விடவில்லை. காலையில் மற்ற முயல்களுக்கு நெய்ச்சோறு வைப்பாள். பிறகு கூண்டுக்குள் போய்த் தன் பங்கைத் தின்பாள்.

நெய் ரத்தக்குழாயை அடைக்கும். சர்க்கரை நோய் மாத்திரை அந்த அடைப்பைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. பாதி முயல்களுக்கு மாத்திரை, மீதிக்கு அதே நிறத்தில் மாவு உருண்டை. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. பன்னிரண்டாம் வாரம் திங்கட்கிழமை எல்லாரையும் அறுத்துப் பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை இயக்குநர் வைகுண்டநாதன் வந்து கூண்டு கூண்டாகப் பொன்னாடை போர்த்தினார். "மானுடம் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது" என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். முயல்கள் சரியான இடங்களில் கைதட்டின.

இசக்கியம்மாள் கம்பி வழியே கேட்டாள்.

"ஐயா, திங்கக்கிழம என்னையும் அறுப்பியளோ?"

"பொறுப்புன்னு ஏத்துக்கிட்டா முழுசா ஏத்துக்கணும்மா."

"வீட்டுல பிள்ள பத்தாவது பரீட்ச எழுதுதா, ஐயா."

"நல்லா எழுதச் சொல்லு."

"அந்தக் கவரையாவது பிரிச்சுப் பாருங்க. எனக்கு மாத்திரைன்னா குழாய் சுத்தமா இருக்கும்லா? பெறவு எதுக்கு அறுக்கணும்?"

இயக்குநருக்கு அது நியாயமாகப் பட்டது. எழுத்தர் உறையை எடுக்கப் போனார். நடைவழி அன்று சற்று நீண்டிருந்தது. அவர் திரும்பி வரும்போது திங்கட்கிழமை ஆகிவிட்டது. தாடி நரைத்திருந்தது.

உறையைப் பிரித்தார்கள். ஒன்பதாம் எண்: மாத்திரை.

"பாத்தியளா! நான் சுத்தம்!"

"ரொம்ப சந்தோஷம். அறுத்தாத்தானே அதை உலகம் நம்பும்?"

இசக்கியம்மாள் கூண்டைவிட்டு வெளியே வந்தாள். மேசைமேல் ஏறிப் படுத்தாள். இயக்குநர் கையுறை மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"பிடிக்கிற ஆள் எங்கய்யா?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "இசக்கியம்மாள், சார். இன்னைக்கு டூட்டிலதான் இருக்கா."

பதினாறு வருடத்தில் அவள் பிடித்த முயல் ஒன்றுகூடத் துள்ளியதில்லை. இசக்கியம்மாள் கைகழுவிவிட்டு வந்தாள். மேசைமேல் படுத்திருந்தவளின் தோளை ஒரு கையாலும் இடுப்பை ஒரு கையாலும் அழுத்திப் பிடித்தாள். குனிந்து, அந்தக் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல தாயி. அசையாத."