சர்வர் சூடாகக் கூடாது

டம்ளருக்குப் பாதிதான் தண்ணீர் என்பது மெஸ் முதலாளியின் உத்தரவு. அதை ஊற்றுவதற்கு சர்வர் ஒரு வித்தை பழகியிருந்தார். ஜக்கை உயரத் தூக்கி வேகமாக ஊற்றிவிட்டு சட்டென்று நிமிர்த்துவார். டம்ளரில் தளும்பல் அடங்குவதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

தண்ணி லாரி டிரைவர் அதற்கெல்லாம் ஏமாறுகிற ஆள் இல்லை. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சர்வரே, இருமல் மருந்தா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"லாரி நெறையத் தண்ணிய வாசல்ல நிறுத்திட்டு எங்கிட்ட வந்து கேக்கறீங்களேண்ணே!"

"அதுல கை வெக்க முடியாதுப்பா. வால்வுக்குப் பூட்டு, பூட்டுக்கு மேல சீலு. எல்லாம் அந்தப் பெரிய கட்டடத்துக்குப் போகுது."

அந்தக் கட்டடத்தின் மேல் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஜன்னலே வைக்காமல் யாராவது கட்டடம் கட்டுவார்களா? ராப்பகலாக ஒரே உறுமல். அது வந்த பிறகுதான் தெருக்குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கம்பெனி என்றார்கள். கம்ப்யூட்டர் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

"உள்ள என்னதாண்ணே நடக்குது?"

"எனக்கென்ன தெரியும்? தொட்டிகிட்டயே நிறுத்திடுவான். அங்க பேசிக்கிறது காதுல விழுந்துச்சு. உள்ள ஆயிரக்கணக்குல சர்வர் இருக்காம். இன்னும் வருதாம். எல்லாத்துக்கும் ஏசி. சர்வர் சூடாகக் கூடாதுன்னுதான் இவ்ளோ தண்ணியும்."

"சூடாகாத சர்வர் எந்த ஊர்லண்ணே இருக்கான்?" என்று சிரித்தார் சர்வர்.

'இருக்காங்களாம்', 'வராங்களாம்' என்று சொல்லாமல் 'இருக்காம்', 'வருதாம்' என்று டிரைவர் சொன்னது சர்வர் காதில் உறுத்தவே இல்லை. முதலாளியும் அப்படித்தான் பேசுவார். "முன்னெல்லாம் நம்மகிட்ட மூணு சர்வர் இருந்துச்சு" என்பார்.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி கல்லாவில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"பையத் திற."

சர்வருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது. பைக்குள் மாற்றுச் சட்டையும் சீப்பும் இருந்தன. முதலாளி சட்டையைக்கூட உதறிப் பார்த்தார்.

"ட்ரம்முல தண்ணி குறைஞ்சுக்கிட்டே போகுது. எங்க போகுதுன்னு நான் பாக்க வேணாமா?"

"இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு எடுத்திருப்பேனா மொதலாளி?"

"கோவப்படாத. நாளைலருந்து பார்சல் மட்டுந்தான். டம்ளர் கழுவவே தண்ணி இல்ல. டம்ளர் இல்லன்னா டேபிள் எதுக்கு?"

டேபிள் இல்லையென்றால் வேறு யார் எதற்கு என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை சர்வர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். தோளில் புதுத் துண்டு. தெருத்தெருவாகக் குப்பை வண்டி தள்ளுகிற அவர் மனைவிக்கு இந்தப் புறப்பாடே பிடிக்கவில்லை.

"ஊர்க் குப்பைய எல்லாம் அள்ளறவ நான். அந்தக் கட்டடத்துலருந்து ஒரு எச்சில் பிளேட்டு வெளிய வந்து பாத்ததில்ல. ஆயிரம் சர்வர் பரிமாறுனா சாப்பிடறவங்க எத்தனை பேரு இருக்கணும்? பிளேட்டையும் சேத்தா முழுங்கறாங்க? எனக்கு என்னவோ நம்பிக்கையே இல்லைங்க."

"பெரிய இடம். உள்ளயே அரைச்சு விட்டுருவாங்களா இருக்கும். பொழப்புக்குப் போற நேரத்துல குறுக்க விழாத."

அவள் பாட்டிலை நீட்டினாள். அதுவும் பாதிதான். "குடத்துல இருந்தது இவ்ளோதான். கொஞ்சம் மிச்சம் வெச்சுக் கொண்டாங்க. சாயங்காலம் மாத்திரை போடணும்."

கேட்டில் இருந்த சூப்பர்வைசர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"என்ன வேலைக்கு வந்திருக்கீங்க?"

"சர்வர் வேலைக்குங்க. அதுல நல்ல அனுபவம்."

"அப்படியா! சர்வர்ல என்னென்ன பண்ணுவீங்க?"

"எல்லாந்தாங்க. தண்ணி வெக்கறதுலருந்து பில்லு குடுக்கற வரைக்கும்."

சூப்பர்வைசர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரியவரே, இங்க சர்வர்னா மெஷினு. பீரோ பீரோவா வரிசையா நிக்கும். பசிக்காது, லீவு கேக்காது."

"தண்ணிங்க?"

"அது மட்டும் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. சூடாச்சுன்னா எல்லாம் போச்சு."

சர்வர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். அந்த நேரம் பார்த்து டிரைவரின் லாரி உள்ளே வந்தது. ஹோஸ் மாட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். சூப்பர்வைசர் லாரியைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார். "தண்ணிதானே, நீங்களே புடிங்க. பாதில நிறுத்தக் கூடாது. தொட்டி முழுசா நெறையணும்."

லாரி போகப் போக அடுத்த லாரி வந்தது. ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது. வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. "என்ன சர்வரே, இங்கயும் தண்ணி வெக்கற வேலைதானா?" என்று கேட்ட டிரைவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கேலி செய்யவில்லை. மதியம் நாக்கு வறண்டபோது சர்வர் பாட்டிலை எடுத்து இரண்டு வாய் குடித்தார். மாத்திரை ஞாபகம் வந்தது. மூடி வைத்துவிட்டார்.

வேலை முடிந்து கேட்டைத் தாண்டப் போகும்போது சூப்பர்வைசர் கையை நீட்டினார்.

"பையத் திறங்க."

பாட்டில் வெளியே வந்தது. சூப்பர்வைசர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"எங்க புடிச்சீங்க?"

"வீட்லருந்து கொண்டாந்தது சார். வீட்டுக்காரி மாத்திரைக்கு..."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. தண்ணி எதுவும் வெளிய போகக் கூடாது. போய்த் தொட்டில ஊத்திட்டு வாங்க."

சர்வர் அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. திரும்பி நடந்து, தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கினார். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. பாட்டிலைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டும் விழும்வரை கவிழ்த்தபடியே பிடித்திருந்தார். விளிம்பில் கொஞ்சம் சிந்திவிட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து, மேசை துடைக்கிற பழக்கத்தில், அதைத் துடைத்துவிட்டார்.