எல்லா உறவினருக்கும் அனுப்பு

சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஜாஹ்னவி காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்தது 2008-ஆம் வருஷக் கோடையில். காரணம் கேட்டவர்களிடம், "ஒரு வெப்சைட் ஆரம்பிக்கப் போறேன்" என்றாள். அம்மா வைதேஹிக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. அப்பா யதிராஜன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும், "எங்க உக்காந்து பண்ணப் போறே?" என்று கேட்டார்.

இடம் கொடுத்தது அஞ்சும். பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் ஜாஹ்னவியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பா கலீமுல்லாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை. கடையின் மாடியில் அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடந்த அறையை ஒழித்து, இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். தளத்துக்கு 'ஊர்க்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் இருக்கிறவர்களோடு எல்லாம் பேச ஏற்கெனவே பெரிய தளங்கள் இருந்தன. இது காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மட்டும். படம் போடலாம், சேதி எழுதலாம், ஒருவரை ஒருவர் நண்பராகச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, 'என்ன செய்தால் இது இன்னும் நன்றாக இருக்கும்?' என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கேள்வியை ஊர் மிகவும் பொறுப்போடு எடுத்துக்கொண்டது.

கரண்ட் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார் ஒருவர். கருட சேவையன்று சாமி எந்தத் தெருவில் வந்துகொண்டிருக்கிறது என்று காட்டச் சொன்னார் இன்னொருவர். மஞ்சள் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றும், மஞ்சள் நிறம்தான் மங்களகரம், மாற்றவே கூடாது என்றும் ஒரே நாளில் இரண்டு பேர் எழுதினார்கள். தன் அத்தை மகன் தன் படங்களைப் பார்க்காதபடி தடுக்க வழி உண்டா என்று கேட்ட பெண்ணுக்கு அஞ்சும் உடனே பதில் போட்டாள்.

ரேணுகாம்பாள் என்ற ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை வாரத்துக்கு ஒரு யோசனையாவது அனுப்பிவிடுவார். அவர் எழுதிய ஒன்றுதான் இத்தனைக்கும் ஆரம்பம்: "என் நாத்தனாரைச் சேர்க்க வேண்டுமானால் 'நண்பர்' என்று அழுத்தச் சொல்கிறது உங்கள் தளம். அவள் எனக்கு எந்தக் காலத்திலும் நண்பராக இருந்ததில்லை. பொய் சொல்லி அவளைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. நாத்தனார் என்றே ஒரு பொத்தான் வையுங்கள்."

அஞ்சும் அதை உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாஹ்னவி சிரிக்கவில்லை.

"அவங்க சொல்றது கரெக்ட், அஞ்சும். எங்க அத்திம்பேரை நான் எப்படி ஃபிரெண்டுன்னு போடுவேன்?"

"அப்போ எல்லா உறவும் வெச்சிடலாம்பா. மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா, மச்சான், சம்பந்தி... யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும்."

பத்து நாள் உழைத்து அதைச் செய்தார்கள். ஒருவர் இன்னொருவரைப் பெரியப்பா என்று சேர்த்தால், அந்தப் பெரியப்பாவின் தம்பி யார், பிள்ளைகள் யார் என்று தளமே கண்டுபிடித்து அவர்களையும் உறவுக்குள் இழுத்துப் போட்டது. அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத பெரியவர்கள் பேரனை உட்கார வைத்துக்கொண்டு தங்கள் சொந்தங்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒன்றை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நம் ஊரில் மாமா என்று கூப்பிட ஒருவர் மாமாவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் யதிராஜனைத் தெருவே மாமா என்றுதான் அழைக்கும். அவரிடம் படித்தவர்களில் பாதிப் பேர், சார் என்று ஒரு பொத்தான் இல்லாததால், பெரியப்பா என்று சேர்த்தார்கள். கலீமுல்லா அண்ணா என்று சேர்த்தார். யதிராஜன் வந்த அத்தனை பேருக்கும் 'சரி' என்று அழுத்தினார். மகளுடைய தளத்தில் யாரையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஆவணியில் மூத்த மகள் ஸுபத்ராவின் பிள்ளை ப்ரணவுக்கு ஒரு வயது முடிந்து ஆண்டுநிறைவு. பிறந்த வீட்டிலேயே ஹோமம் செய்து, நெருங்கினவர்களை மட்டும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது என்று முடிவாயிற்று. நாற்பது பேர். சமைக்க வரும் தளிகைக்காரரிடமும் அப்படியே சொல்லியாயிற்று. யதிராஜன் மகளிடம் சொல்லாமல், அவளை அசத்த வேண்டும் என்று, தானே கணினி முன் உட்கார்ந்து அழைப்பிதழைத் தட்டச்சு செய்தார். அதன் அடியில் 'எல்லா உறவினருக்கும் அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. யாரோ யோசனை சொன்னார்கள் என்று ஜாஹ்னவி முந்தின வாரம்தான் அதை வைத்திருந்தாள். உறவினரைத்தானே கூப்பிட வேண்டும்? அவர் அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோமம் நடந்துகொண்டிருந்தபோதே வாசலில் ஆட்டோக்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. முதலில் பக்கத்துத் தெருக்காரர்கள். அப்புறம் பழைய மாணவர்கள், மனைவி குழந்தைகளோடு. அப்புறம் யதிராஜன் வாழ்க்கையில் பார்த்தே இராத ஒரு குடும்பம் தாமலிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியது. அந்த வீட்டு அம்மாள் ஜெயம்மாள், வைதேஹியின் கையில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் கொடுத்து, "நான் உங்களுக்கு நாத்தனார் ஆவணுமாம்மா. என் பையன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான். எந்த வழின்னுதான் தெரியல" என்றாள்.

வைதேஹி கிண்ணத்தைப் பிடித்தபடியே உள்ளே வந்து ஜாஹ்னவியின் தோளைத் தட்டினாள்.

"இது யார்டி? வாசல்ல போய்ப் பாரு. ஊரே நிக்கறது."

ஜாஹ்னவி எட்டிப் பார்த்தாள். கூட்டம் தெரு முனை வரை இருந்தது. எல்லார் கையிலும் ஒரு பொட்டலம், ஒரு பொம்மை, ஒரு பழத்தட்டு. ஒருவர் ப்ரணவுக்காக மூன்று சக்கர சைக்கிளைத் தலையில் சுமந்துகொண்டு நின்றார். அவளுக்குச் சட்டென்று விஷயம் புரிந்தது.

"அப்பா, நீங்க இன்விடேஷன் அனுப்பினேளா?"

ஹோமப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே யதிராஜன் பெருமையோடு தலையாட்டினார். "நானே அனுப்பினேன். எல்லா உறவினருக்கும்."

வந்தவர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? யாரும் அழையாமல் வரவில்லை. அழைப்பில் ஒவ்வொருவர் பெயரையும் உறவையும் தளமே போட்டு, 'அவசியம் வர வேண்டும்' என்று அனுப்பியிருந்தது.

அந்த நேரத்தில் கலீமுல்லா மனைவி சித்தாராவோடும் அஞ்சுமோடும் வந்து சேர்ந்தார். கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். யதிராஜனின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"எத்தினி பேருக்குச் சமையல்ண்ணா?"

"நாற்பது பேருக்கு, பாய்."

"அரே! இங்க முந்நூறு பேர் நின்னுக்கினு இருக்காங்க."

உடனே அவர் கடை டெம்போவை வரவழைத்து, தானே முன்னால் ஏறி உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போனார். அரிசி மூட்டை, எலுமிச்சம்பழம், தயிர், வாழையிலைக் கட்டு என்று ஏற்றிக்கொண்டு வந்தார். தளிகைக்காரர் முதலில் கையை விரித்தார். வைதேஹி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு புடவையை இழுத்துச் செருகினாள். எதிர்வீடு, பக்கத்து வீடு என்று தானே போய் நின்று அடுப்புப் பற்ற வைக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் தெருவில் பல வீடுகளில் சோறு கொதித்தது. ஒரு வீட்டில் எலுமிச்சை சாதம், ஒரு வீட்டில் புளியோதரை, ஒரு வீட்டில் தயிர் சாதம். இனிப்புக்குச் செய்த அக்காரவடிசில் மட்டும் தேவைக்கு இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் ஒரு கரண்டி என்று ஸுபத்ரா பாத்திரத்தைக் காவல் காத்தாள்.

அஞ்சும் வாசலில் நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"மொதல்ல சின்னப் பசங்களை வெச்சிருக்கிறவங்க உள்ள வாங்க! மத்தவங்க நெழல்ல உக்காருங்கம்மா. யாரும் சாப்டாம போவக் கூடாது!"

நிழலில் உட்கார்ந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. நீங்கள் யாருக்கு யார் என்று ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்கச் சிரிப்பு கிளம்பியது. ஜெயம்மாள் சித்தாராவுக்கும் நாத்தனார்தான் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இரண்டு பேரும் உடனே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது பந்தி முடிகிற சமயம். வாசலில் வேட்டி சட்டையோடு ஒருவர் தனியாக வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் வைதேஹியின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது. அவர் நாராயண், யதிராஜனுடைய சித்தப்பாவின் மகன், திருப்புட்குழியில் இருப்பவர். இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஸுபத்ராவின் கல்யாணத்துக்கு யதிராஜன் நேரில் போய்க் கூப்பிடாமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். அலைச்சல், காய்ச்சல் என்று அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. நாராயண் வரவில்லை. வராதது ஏன் என்று யதிராஜனும் போய்க் கேட்கவில்லை. நாராயணின் மகள் மட்டும் இரண்டு மாதத்துக்கு முன் ஊர்க்கூடத்தில் சேர்ந்து, அப்பாவுக்கும் ஒரு கணக்குத் திறந்துகொடுத்து, பெரியப்பா என்று யதிராஜனையும் சேர்த்திருந்தாள்.

யதிராஜன் வாசலுக்கு வந்தார்.

"பொண்ணு காட்டினா. தம்பி நாராயண் அவசியம் வரணும்னு எழுதியிருந்தே" என்றார் நாராயண். "நீயே கம்ப்யூட்டர்ல உக்காந்து அடிச்சயாமே. இத்தனை வருஷம் கழிச்சுத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டிருக்கான், போகலைன்னா நான் மனுஷனான்னு தோணித்து. வந்துட்டேன்."

ஜாஹ்னவி அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். 'ஆமாம்னு சொல்லிடுங்கோப்பா' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

யதிராஜனுக்குப் பொய் வராது.

"இல்லடா நாராயணா. நான் ஒரு பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான். அது எல்லாருக்கும் போயிடுத்து. உன்னைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதுதான் நிஜம்."

நாராயணின் முகம் மாறியது. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பி இரண்டு அடி வைத்தார்.

"நில்லு" என்றார் யதிராஜன். "அங்கேயே நில்லு. வைதேஹி, அந்தத் தட்டை எடுத்துண்டு வா."

வைதேஹி குங்குமமும் பழமும் பாக்கு வெற்றிலையும் இருந்த தட்டை எடுத்து வந்தாள். யதிராஜன் செருப்புப் போட்டுக்கொள்ளாமல், ஹோமத்துக்குக் கட்டிய பஞ்சகச்சத்தோடு தெருவில் இறங்கினார். அத்தனை கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி நின்ற இடம் வரை போய் எதிரே நின்றார். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என் பேரனுக்கு இன்னிக்கு ஆண்டுநிறைவு. நீ அவசியம் வந்து இருந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுச் சாப்டுட்டுத்தான் போகணும். ஸுபத்ரா கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிட நான் நேர்ல வந்திருக்கணும். வரலை. தப்புதான்."

நாராயண் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"நான் என்ன வரமாட்டேன்னா சொன்னேன்? வாசல் வரைக்கும் வந்தாச்சே!"

முதலில் சிரித்தது கலீமுல்லா. அப்புறம் யதிராஜன். அப்புறம் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள், என்ன ஏது என்று தெரியாதவர்கள் உட்பட எல்லாரும். நாராயண் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினார். ப்ரணவ் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தர மறுத்தான். கண்ணாடி இல்லாமலேயே அவர் மூன்றாவது பந்திக்கு வீட்டு ஆள் போல நின்று தயிர் சாதம் பரிமாறினார்.

மறுநாள் கடை மாடியில் யோசனைப் பெட்டி நிரம்பி வழிந்தது. விசேஷம் பிரமாதம், அடுத்தது எப்போது என்று கேட்டவர்கள்தான் அதிகம். அஞ்சும் அந்தப் பொத்தானைத் தூக்கிவிடலாம் என்றாள்.

"தூக்க வேண்டாம். அழுத்தினதும் யார் யாருக்குப் போகும்னு பேரெல்லாம் காட்டட்டும். ஒவ்வொரு பேரா டிக் பண்ணினாத்தான் போகணும்" என்றாள் ஜாஹ்னவி.

"உங்க அப்பா முந்நூறு பேரையும் டிக் பண்ணுவாருபா."

"பண்ணட்டுமே. அடுத்த தடவை தளிகைக்காரருக்கு முன்னாடியே சொல்லிடலாம்."

அந்த வாரமே மாற்றம் செய்தார்கள். ஜெயம்மாள் நாத்தனார் உறவை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டாள். மாசத்துக்கு ஒரு முறை வைதேஹியைப் பார்க்க வருவாள், வரும்போதெல்லாம் தாமல் ஏரி மீனைப் பற்றிப் பேசிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, காய்கறிப் பையை எடுத்துக் கொடுப்பாள். ஊர்க்கூடம் மூன்று வருஷம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு எல்லாரும் கைபேசிக்குள் போய்விட்டார்கள். ஜாஹ்னவியும் அஞ்சுமும் அதே மாடியில் வேறு தொழில் ஆரம்பித்தார்கள்.

நாராயணின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஆண்டுநிறைவுக்கு அடுத்து வந்த தை மாதம். திருப்புட்குழியிலிருந்து அவர் மனைவியோடு காலை முதல் பஸ்ஸில் கிளம்பி வந்து, யதிராஜன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வாயைக் கொப்புளிச்சிட்டு வா. உன்னை நேர்ல கூப்பிட வந்திருக்கேன்" என்றார்.