இரண்டாவது கொதி

அன்று கெட்டிலில் எத்தனை குவளை தண்ணீர் ஊற்றினேன் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னது ஒரே ஒரு மனிதரிடம். அவருக்குச் சொன்ன பிறகு வேறு யாருக்கும் சொல்லும் தைரியம் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எழுபத்தேழாம் வருடக் கோடை. நான் மெஹ்ராப் உஸ்தாதின் லாரியில் இரண்டாவது டிரைவர். நோஷ்கியில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு மேற்கே பாலைவனத் தடத்தில் தால்பந்தீன் போய்க்கொண்டிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும், அப்போதே ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

தூரத்தில் ஒரு பிக்கப் வண்டி சாய்ந்து நின்றது. அதன் முன்னால் ஒருவன் இரும்புக் கிடுக்கியை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"உஸ்தாத், சூடு கேக்கறாங்க."

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றார். பிறகு ஸ்டியரிங்மேல் குனிந்து பார்த்து, "அட, நம்ம தாத் கரீமு!" என்று சிரித்தார். அவர் சிரிப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாத் கரீமை எனக்கும் தெரியும். போன பனிக்காலத்தில் பதக் ஊர் டீக்கடையில் மெஹ்ராப் தன் லாரிக்குப் புதிதாக மாட்டிய இரண்டாவது ஹாரனை அடித்துக் காட்டினார். அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போய் அப்போது இரண்டு வருடம். தாத் கரீம் டீயைக் கலக்கிக்கொண்டே, "வீட்டுல கதவு திறக்க ஆளில்ல. ரெண்டு ஹாரன் வெச்சு யாரையா கூப்பிடப் போறே?" என்று கேட்டான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் மெஹ்ராப்தான். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன்.

லாரி நிற்பதற்குள் தாத் கரீம் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"லாலா, அண்ணே, அல்லாதான் உங்கள அனுப்பினான். பின்னாடி எம் பொண்ணு இருக்கா. நேத்து சாயங்காலம் விறகு பொறுக்கப் போனா, முள்ளு குத்திருச்சுன்னு வந்தா. விடிஞ்சு பாத்தா ஈறெல்லாம் ரத்தம். விரியன் லாலா. நோஷ்கியில ஊசி இருக்கு. இப்பவே போனா பொழைச்சுக்குவா."

"ஸ்டெப்னி?"

"அது காலையிலயே கல்லுல கிழிஞ்சு போச்சு. இப்ப இதுவும். என் வண்டிய ஓடவிட்டு ஒட்டலாம்னா பெட்ரோல் நோஷ்கி வரைக்கும் வராது. சூடு மட்டும் குடுங்க, போதும்."

அந்த வெயிலில், அந்த மணலில், பசை தடவி ஒட்டும் ஒட்டு இரண்டு மைல் தாங்காது. வேகாத பச்சை ரப்பரை ட்யூபில் வைத்து, கிடுக்கியில் இறுக்கி, ஓடும் எஞ்சினின் புகைக்குழாயோடு கட்டி வேகவைக்க வேண்டும். லாரியின் குழாய் பெரியது, நன்றாகச் சுடும். டீசல் கொஞ்சம் போகும். சூடு கேட்டவனிடம் இல்லை என்று சொன்ன டிரைவரை நான் கண்டதில்லை.

நான் மெஹ்ராப் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னேன். "உஸ்தாத், பொண்ண நாமளே திருப்பிக் கொண்டுபோய்..."

"இந்த மாவ உங்கப்பனா வந்து இறக்குவான்?"

தாத் கரீம் காதில் அது விழுந்துவிட்டது. "வேணாம் தம்பி, லாரியவிட என் வண்டி வேகம். ஒட்டு மட்டும் வெந்துட்டா பறந்துருவேன்."

"சூடு இல்லேன்னு சொல்ற ஆளா நான்?" என்று மெஹ்ராப் இறங்கினார். "பிஜ்ஜார், கல்லை எடுத்து வை."

நான் ஆக்ஸிலேட்டர்மேல் கல்லை வைத்தேன். எஞ்சின் உறுமியது. தாத் கரீம் ட்யூபைச் சுரண்டினான். அவசரத்திலும் வேலை சுத்தமாக இருந்தது. ரப்பரை வைத்து, கிடுக்கியின் திருகை முடுக்கி, கம்பியால் குழாயோடு கட்டிவிட்டு மகளிடம் ஓடினான்.

எங்களிடம் கடிகாரம் கிடையாது. கெட்டில்தான் கடிகாரம். சூடு கொடுப்பவன் தன் கெட்டிலில் கழுத்துவரை பச்சைத் தண்ணீர் ஊற்றி, கிடுக்கிக்குப் பக்கத்திலேயே குழாய்மேல் வைப்பான். முதல் கொதியில் தேயிலை போட்டு ஒரு கை தண்ணீர் தெளிப்போம். அது அடங்கி மறுபடி பொங்கினால் ஒட்டு வெந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு எல்லாரும் அந்தத் தேநீரைக் குடிக்க வேண்டும். ஒரே கெட்டிலில் குடித்தவர்கள் ஒருவருக்கொருவர் தீங்கு செய்யக் கூடாது. சூடு வாங்குகிறவன் அந்தக் கெட்டிலின் மூடியைத் திறந்து பார்க்க மாட்டான். பார்த்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகும்.

மெஹ்ராப் என்னைத் தண்ணீர்ப் பை தொங்கும் பக்கத்துக்குக் கூப்பிட்டார்.

"ஒரு குவளை போதும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? தண்ணி குறைச்சலா இருக்கு."

நான்கு தோல்பைகள் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்தக் கெட்டில் ஆறு குவளை கொள்ளும். குறைந்த தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஒட்டு உள்ளே வேகாது என்பது புரியாதவன் இல்லை நான். வரும் வருடம் வாங்கப்போகும் லாரியை எனக்கு ஓட்டத் தருவதாக மெஹ்ராப் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் என் மனதில் வந்தது அந்த லாரிதான். அதன் நிறத்தைக்கூட நான் யோசித்து வைத்திருந்தேன். ஒரு குவளை தண்ணீரை ஊற்றி மூடினேன்.

பிறகு, செய்ததிலிருந்து ஓடிப்போகிறவன் போல, பிக்கப் பக்கம் போனேன். சிறுமிக்கு எட்டு வயது இருக்கும். ரஜாய்ப் போர்வைக்கடியில் படுத்திருந்தாள். ஒரு கால் முழங்கால்வரை கறுத்து வீங்கிப் பளபளத்தது. பெயர் கேட்டேன். "கிரானாஸ்" என்றாள். அப்பனிடம், "அபா, வாயில ஆணி போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

"ரத்தம்டா கண்ணு. துப்பு. முழுங்காதே."

"இனிப்பா ஏதாச்சும் வேணும்."

அதற்குள் மெஹ்ராப் கூப்பிட்டார். "வாங்கப்பா, ரெண்டாவது கொதி வந்தாச்சு!"

தாத் கரீம் ஓடிவந்தான். "பாத்தீங்களா லாலா, எம் பொண்ணுக்காகத் தேத்தண்ணிகூட இன்னிக்கு அவசரப்படுது."

மெஹ்ராப் கிடுக்கியைக் கழற்றினார். ஒட்டின்மேல் தண்ணீர் ஊற்றி, விரலால் நசுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்றார். மேலே தோல் வெந்திருந்தது. உள்ளே வெந்ததா என்பதை ஓடினால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தேநீர் இரண்டு குவளைக்குக்கூடச் சரியாக வரவில்லை; ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்த தாத் கரீம் அதைக் கவனிக்கவில்லை. "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க குடிங்க" என்று மெஹ்ராப் விலகிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். என் பங்கை நானும் குடிக்கவில்லை. அதில் நிறையச் சர்க்கரை போட்டு, ஆற்றி, கிரானாஸின் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்து நக்கினாள்.

தாத் கரீம் சக்கரத்தை மாட்டிக் காற்றடித்து முடித்ததும், மெஹ்ராபின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "லாலா, டீக்கடையில அன்னிக்கு வாய்த்துடுக்குல ஏதோ பேசிட்டேன்..."

"அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லையே!" என்றார் மெஹ்ராப். "கீழ்த்தடத்துல போ. எட்டு மைல் மிச்சம்."

கீழ்த்தடம் மணல். பாரம் ஏற்றிய லாரிகள் அந்தப் பக்கம் போகவே போகாது.

நாங்கள் கிளம்பினோம். மெஹ்ராப் வாய்க்குள் பாடிக்கொண்டே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார். "பத்து மைல் ஓடும். அப்புறம் உக்காந்து யோசிக்கட்டும், அவன் வீட்டுக் கதவ இனிமே யாரு திறப்பாங்கன்னு."

கால் மணி நேரத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. கிழக்கே போகிறது. கையை ஆட்டி நிறுத்தி, கீழ்த்தடத்தில் போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மெஹ்ராப் இரண்டு ஹாரனையும் அடித்தார். அந்த டிரைவர் கையை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தி ஸலாம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் குவளைகளைத் துடைத்து உள்ளே வைக்க எடுத்தேன். என் குவளையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது, சிறிய உதடு பட்ட அளவுக்கு. துடைக்கக் கை வரவில்லை; அப்படியே சட்டைப் பையில் போட்டேன்.

"நிறுத்துங்க."

"என்னடா?"

"நிறுத்துங்க உஸ்தாத். அவ அந்தக் கெட்டில்ல குடிச்சிருக்கா."

"நான் குடிக்கலையே."

"ஊத்தினது நான்."

லாரி நின்றது. நான் இறங்கித் தண்ணீர்ப் பைமேல் கை வைத்தேன். மெஹ்ராப் சிரித்துக்கொண்டே சொன்னார். "அது என் லாரித் தண்ணி. விடு." கையை எடுத்தேன்; லாரி கிளம்பிவிட்டது. புழுதி அடங்கும்வரை இரண்டு ஹாரனும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன.

கிழக்கே நடந்தேன். உச்சி வெயிலில் கால் பின்னி உட்கார்ந்தேன். அல்லாவிடம் அன்று நான் எனக்காகத் தண்ணீர் கேட்கவில்லை. ஒரு லாரியைத்தான் கேட்டேன். அது வந்தபோது நெடுநேரம் ஆகிவிட்டிருந்தது. ஓட்டி வந்தவர் குவெட்டாக்காரர், குர்பான் அலி என்ற ஹஸாரா இனத்தவர்.

"பைத்தியமா நீ? இந்த வெயில்ல யாராச்சும் நடப்பாங்களா? மொதல்ல குடி. மெதுவா, மெதுவா."

குடித்துவிட்டு முழுவதையும் சொல்லாமல், ஒட்டு பிரிந்திருக்கும், சிறுமி இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"கீழ்த்தடமா? சிமெண்டு ஏத்தியிருக்கேன்யா. புதைஞ்சா நாலு நாளைக்கு அங்கயே குடித்தனம்தான்." தாடையைச் சொறிந்தபடி மணலைப் பார்த்தார். "சரி ஏறு. புதைஞ்சா நீதான் தோண்டணும்."

வழியில் இரண்டு முறை புதைந்தது. இரண்டு முறையும் அவரும் என்னோடு சேர்ந்து தோண்டினார்.

பிக்கப் ஒரு மேட்டுக்குக் கீழே நின்றது. அதன் நிழலில் தாத் கரீம் உட்கார்ந்திருந்தான். மடியில் ட்யூப். ஒட்டு பாதி உரிந்து தொங்கியது; நடுவில் ரப்பர் மாவு போலப் பிசுபிசுத்தது. ரஜாய் சிறுமியின் முகத்தின்மேலும் போர்த்தியிருந்தது.

"இப்பத்தான்" என்றான். "மதியம் லுஹர் தொழுகை நேரம் வரைக்கும் பேசிக்கிட்டிருந்தா. தேத்தண்ணி நல்லா இருந்துச்சுன்னா."

குர்பான் அலி கைகளை ஏந்தி அவளுக்காகத் துஆ ஓதினார்.

தாத் கரீம் அந்த ஒட்டையே தடவிக்கொண்டிருந்தான். "நான்தான் சரியாச் சுரண்டல போல. அவசரத்துல விட்டுட்டேன். எம் பொண்ண நானே..."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "நீங்க சுரண்டினது சரிதான் லாலா. கெட்டில்ல ஒரு குவளைதான் இருந்துச்சு. மெஹ்ராப் சொன்னாரு. நான் ஊத்தினேன். தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். டயர் கழற்றும் இரும்புக் கம்பி அவன் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குர்பான் அலி எனக்கு முன்னால் வந்து நின்றார். நான் அவரை விலக்கிவிட்டு முன்னே வந்தேன். தைரியத்தால் அல்ல. அந்தக் கம்பி என்மேல் விழுந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அவன் கம்பியைத் தொடாமல் எழுந்தான்.

"ரப்பர் இன்னும் ஒரு துண்டு இருக்கு" என்றான் குர்பான் அலியிடம். "இவள வீட்டுக்குக் கொண்டுபோகணும். அவ அம்மா பாக்கணும். சூடு குடுப்பீங்களா?"

"கேக்கணுமா தம்பி?"

பழைய ஒட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி சுரண்டினான். கிடுக்கியைக் கட்டியதும் குர்பான் அலியின் கெட்டிலைத் தானே வாங்கி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றினான். மூடியைத் திறந்தபடியே என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"பாரு."

பார்த்தேன். தண்ணீர் தளும்பி என் கால்மேல் சிந்தியது.

பிறகு மூன்று பேரும் எஞ்சின் பக்கத்தில் நின்றோம். இனி அவசரம் எதுவும் இல்லை. முழுக் கெட்டில் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் கொதி வந்து, தேயிலை போட்டு, தண்ணீர் தெளித்து, அது அடங்கி மறுபடி பொங்கும்வரை அங்கேயே நின்றோம். காற்றில் ரஜாயின் ஓரம் படபடத்தது. அவன் போய் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு வந்தான்.

குவளை கேட்டான். என் சட்டைப் பையில் இருந்ததை எடுத்தேன். விளிம்பில் இருந்த கோட்டைப் பார்த்ததும் வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். குர்பான் அலியின் குவளை ஒன்றில் ஊற்றி, சர்க்கரை போட்டு என்னிடம் நீட்டினான்.

"குடி."

"லாலா, வேணாம். இதக் குடிச்சா உங்களால என்னை..."

"தெரியும். அதான் சொல்றேன், குடிச்சுத் தொலை. நான் மனசு மாறுறதுக்குள்ள குடி."

குடித்தேன். அவனும் குடித்தான். எங்கள் கண்கள் சந்திக்கவில்லை.

குர்பான் அலி கிடுக்கியைக் கழற்றினார். ஒட்டு உள்ளும் புறமும் வெந்திருந்தது. சக்கரத்தை மாட்ட நான் குனிந்தபோது அவன் தடுக்கவில்லை. பிக்கப்பைத் திருப்பி, வீட்டை நோக்கி மேற்கே போனான். பின்னால் ரஜாய் அசையாதபடி மெதுவாக ஓட்டினான்.

அந்த ஒட்டு வீடு போய்ச் சேரும்வரை தாங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.