இரவல் விரல்

கர்ப்பிணியான என் மகளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. தினம் நான்கு முறை விரலில் குத்தி, அளவை நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டரம்மா. ஊசியைக் கண்டாலே மகள் அழுவாள். மனசு கேட்காமல் என் விரலை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் தேறாத நான், அந்த நோட்டில் ஒரு மாதம் முதல் மாணவனாக இருந்தேன்.

ஸ்கேனில் குழந்தை மாதத்துக்கு மீறிப் பெருத்திருந்தது. நான் கொடுத்த செல்லம் அதன் தலையில் விடிந்திருந்தது.

"நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று டாக்டரம்மா குழம்பினார்.

"அது பூரா என்னோட ரத்தம், டாக்டரம்மா. தப்பு என்மேலதான்."

"அப்ப உங்களுக்குச் சர்க்கரை இல்ல, பெரியவரே. உங்க பொண்ணுக்கு இன்னிக்கே இன்சுலின் போடணும்."

வீட்டுக்கு வந்ததும் மகள் கண்ணை மூடிக்கொண்டு தன் விரலில் தானே குத்தினாள்.

"நீங்க எதுக்கு அழறீங்க? பஞ்சை எடுங்கப்பா," என்றாள்.