பழைய தவளைக்கு மூன்று ஓட்டு

கழுதைப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டிரெய்லர் வந்த மறுநாள் காலை, தவளையார் சாப்பாட்டு மேசையில் போனும் கையுமாக உட்கார்ந்து, உலகத்தில் யாராவது ஒரு புண்ணியவான் "பழைய தவளை எங்கே?" என்று கேட்டிருக்கிறானா என்று தேடிக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் கழுதையின் புது உதையைப் புகழ்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வில்லனாக வரும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றி விவாதித்திருந்தார்கள். ஒருவர், படம் எத்தனை மணிக்கு முடியும், தனக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். தவளையைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

தவளையார் என்பது தொழிலில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். மனிதர் டப்பிங் பேசுகிறவர். பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் பாகத்தில், ஒரு சோம்பேறிக் கழுதை சண்டை கற்றுக்கொண்டு ஊரைக் காப்பாற்றும். அதன் முதுகில் உட்கார்ந்து வாயால் மட்டும் வீரம் காட்டும் தவளைக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். பதிவு நடந்த அன்று அவருக்குக் கடுமையான சளி. தொண்டை கட்டி, மூக்கு அடைத்து, ஒவ்வொரு வசனமும் ஏதோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. டப்பிங் டைரக்டர் ஆகா ஓகோ என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் அவரை ஆகா ஓகோ என்றதில்லை. லிஃப்ட் விளம்பரத்தில் "கதவு மூடுகிறது" என்று சொன்னதற்கு யார் கைதட்டப்போகிறார்கள்?

ஆகவே போன மாதம் ஸ்டூடியோவிலிருந்து "கழுதைப் படம் ரெண்டாம் பாகம், ஒரு நாள் வேலை" என்று அழைப்பு வந்தபோது அவர் தரையில் நடக்கவில்லை. நாலு நாள் ஐஸ் தண்ணீரே குடித்தார். சளி பிடிக்க வேண்டும் என்று நெஞ்சார வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். பாழாய்ப்போன உடம்பு, அந்த நாலு நாளும் கல்லுக்குண்டாக இருந்தது.

ஸ்டூடியோவில் ஒரு மைக்கைச் சுற்றி ஏற்கெனவே ஐந்து பேர் நின்றார்கள். அப்போதே விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஒரு மைக்குக்கு ஐந்து பேர் என்றால் அது கூட்டக் குரல், ஊர் ஜனங்கள் அலறுகிற சத்தம். தவளையார் பண்போடு ஓரமாக நின்று, இவர்கள் முடித்த பிறகு நம் முறை என்று காத்திருந்தார்.

இன்ஜினியர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், நீங்களும் கூட்டத்துலதான். கொஞ்சம் கிட்ட வாங்க. தவளைக்குப் பெரிய நடிகரைப் போட்டுட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

"தெரியும், தெரியும்," என்றார் தவளையார், ஒன்றும் தெரியாமல். பிறகு மற்ற ஐந்து பேரோடும் சேர்ந்து, "ஐயோ, ஓடுங்க, ஓடுங்க!" என்று பதினெட்டு தடவை கத்தினார். பதினெட்டாவது டேக்கில் நிஜமாகவே ஓடிவிடலாம் போலிருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தொழில் என்றால் நாலும் இருக்கும். அவர் பயந்தது தன் பத்து வயது மகளை நினைத்துத்தான். சின்ன வயதில் அவள் சோறு உண்ண வாயைத் திறக்க வேண்டும் என்றால் தவளை வந்து கெஞ்ச வேண்டும். வளர்ந்த பிறகு, தன் அப்பாதான் அந்தத் தவளை என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். இரண்டாம் பாகம் வெளியாகும் சனிக்கிழமை மூன்று தோழிகளோடு அப்பாவும் படத்துக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மூன்று பேர் முன்னால் திரையில் தவளை வாயைத் திறக்கும், யாரோ பேசுவார். மகளின் முகம் என்னவாகும்? அதற்குள் அவர் அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

"சொன்னீங்களா?" என்று மனைவி தினமும் கேட்டாள். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். எதிரில் இருப்பவருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதே அவள் பிழைப்பு.

"இன்னைக்குச் சொல்லிடறேன்."

"இதையேதான் முந்தாநாளும் சொன்னீங்க."

"ஒரு சமயம் பார்த்துச் சொல்லணும்ல? சும்மா போட்டு உடைக்க முடியுமா?"

உண்மையில் அவர் சமயம் பார்க்கவில்லை, புரட்சி வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்கள் கொதித்து எழுவார்கள், கம்பெனி பயந்துபோய் அவரைக் கூப்பிட்டு மறுபடி பேச வைக்கும், மகளிடம் எதையுமே சொல்ல வேண்டியிருக்காது. புரட்சி தானாக வெடிக்காததால், நாமே கொஞ்சம் பற்றவைத்தால் என்ன என்று தோன்றியது.

இணையத்தில் அந்தப் படத்தின் ரசிகர்களுக்கு ஒரு குழு இருந்தது. அதில் இருப்பவர்கள் தங்களைக் கழுதைகள் என்றே அழைத்துக்கொள்வார்கள். "வணக்கம் கழுதைகளே" என்று தொடங்காத பதிவு அங்கே ஏற்கப்படாது. குழுவை நடத்துபவருக்குத் தலைமைக் கழுதை என்று பதவி. அங்கே தவளையார் 'நடுநிலை ரசிகன்' என்ற பெயரில் ஒரு கணக்கு தொடங்கினார். நாற்பத்தாறு வயது, முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிறவர், "வணக்கம் கழுதைகளே" என்று தட்டினார்.

"புதிய தவளையின் குரலில் ஏதோ குறைகிறது. பழைய தவளை தாவுவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுக்கும். அந்த மூச்சில் ஒரு வாழ்க்கையே இருந்தது. யார் அந்த மகா கலைஞன்?"

கடைசி வாக்கியத்தை எழுதும்போது அவருக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் அழிக்கவில்லை.

தலைமைக் கழுதை முதலில் பதில் போட்டார்: "கார்ட்டூன் தவளைக்கு மூச்சு எதுக்கு அண்ணே?" இன்னொரு கழுதை, பழைய தவளை சளி பிடித்த மாதிரி பேசும், புதியது தெளிவாக இருக்கிறது என்றது. தவளையாருக்கு ரத்தம் கொதித்தது, அதே சமயம் உள்ளுக்குள் ஒரு நியாயவான் ஆமாம் என்று தலையாட்டினான். மூன்றாவது பதில்தான் ஆளைக் கவிழ்த்தது: "ரெண்டும் ஒரே ஆள்தான். பத்து வருஷத்துல நல்லா தேறியிருக்கார்."

அதற்கு இருநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். தான் தேறியிருப்பதாக இருநூறு பேர் ஒப்புக்கொள்வது அவர் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. மறுப்பதா, நன்றி சொல்வதா என்று வெகுநேரம் தவித்தார். கடைசியில் விரல் தானாகப் போய் இருநூற்று ஒன்றாவது விருப்பத்தை அமுக்கியது.

சண்டை வளர்ந்ததும் தலைமைக் கழுதை ஒரு வாக்கெடுப்பு வைத்தார். பழைய தவளையா, புதிய தவளையா? இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. புதிய தவளைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது. பழைய தவளைக்கு மூன்று.

மூன்றில் ஒன்று அவருடையது. இன்னொன்றை மனைவி ஒப்புக்கொண்டாள். "போங்க, பாவமா இருந்துச்சு" என்றாள். மூன்றாவது ஆள் யார்? முகம் தெரியாத அந்த ஒரே ரசிகனை நினைத்து நினைத்து அவர் உருகினார். இவனுக்காகவே பேசலாம், இவன் ஒருவன் போதும் என்றெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் அந்த ரசிகனே வந்து எழுதினான்: "பஸ்ல போகும்போது கை தவறி அமுக்கிட்டேன். இதை எப்படி மாத்துறது?"

சனிக்கிழமை வந்தது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. காரில் போகும்போது சொல்லலாம் என்றால் பின் சீட்டில் நாலு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, கழுதையின் உதையை முன் சீட்டின் முதுகில் பழகிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் இருந்தது அவர் முதுகு. தியேட்டரில் விளக்கு அணையும் முன் சொல்லலாம் என்று திரும்பினார். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவர் பாப்கார்னை நீட்டினார். அதோடு விளக்கு அணைந்துவிட்டது.

தவளை பன்னிரண்டாவது நிமிஷத்தில் வந்தது. நடிகர் நன்றாகவே பேசியிருந்தார், அதுதான் எரிச்சல். மட்டமாகப் பேசியிருந்தால் தவளையார் நிம்மதியாக அழுதிருப்பார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. இரண்டு இடத்தில் அவரும் தன்னை மறந்து சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். மகள் பக்கம் தலையைத் திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. ஊர் ஜனங்கள் பாலத்தில் ஓடும்போது அவர் குரலும் எங்கோ ஓடியது. அதை அவராலேயே பிரித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

படம் முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தார்கள். தோழிகளில் கண்ணாடி போட்டவள் முதலில் ஓடிவந்தாள். "அங்கிள், அங்கிள், ஒரு தடவை தவளை மாதிரி பேசுங்க அங்கிள்! ப்ளீஸ்!"

மற்ற இருவரும் சூழ்ந்துகொண்டார்கள். மகள் ஓரடி பின்னால் நின்று அவரையே பார்த்தாள். ஆக, பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஊரே ஏமாந்த மாதிரி இவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் மகளுக்கு அவமானம். சொல்லாவிட்டால்? இருபது வருஷமாகப் பிறத்தியார் வாய்க்குக் குரல் கொடுத்தவருக்கு இதுவா கஷ்டம்? மூக்கைக் கொஞ்சம் இறுக்கினார், வார்த்தையின் கடைசியை அந்த நடிகரைப் போலவே இழுத்தார்.

"வாங்கடா! ஒவ்வொருத்தனா வந்தா உதைப்பேன், மொத்தமா வந்தா ஓடிருவேன்!"

அச்சு அசல். பாப்கார்ன் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கைதட்டி, "யப்பா, அதே குரல்!" என்றார். தவளையார் பெருமையோடு குனிந்து பிள்ளைகளைப் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

"இது அந்த நடிகரோட தவளை அங்கிள்," என்றாள் கண்ணாடி போட்டவள். "நாங்க உங்க தவளையைக் கேட்டோம்."

"என் தவளையா?"

"முதல் படத்துல வருமே, அது. இதுல நீங்க இல்லைன்னு இவதான் அப்பவே சொல்லிட்டாளே."

தவளையார் மகளைப் பார்த்தார். அவள் காலணியின் நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரெய்லர் வந்தப்பவே தெரியும்ப்பா," என்றாள். "உன் குரல் எனக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சேன். உன்னை மாத்திட்டாங்கன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அம்மாகிட்ட கேட்டேன். அப்பாவே சொல்வாரு, பொறுன்னாங்க. அதான் பொறுத்துக்கிட்டே இருந்தேன்."

மூன்று வாரம். மூன்று வாரமாக இந்தப் பொடிசு, அப்பா மனசு உடையாமல் எப்படிச் சொல்வது என்று தவித்திருக்கிறது. அவர் அடுத்த அறையில் மகா கலைஞன் என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உலகமெல்லாம் தேடிய பழைய தவளையின் ரசிகர்கள் நாலு பேர் அவர் காரின் பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்டபோது, பழைய தவளையைக் கைவிட்டு வேறொருவன் குரலைக் கொடுத்தது யார்? தலைமைக் கழுதையா? இவரேதான். அசல் தலைமைக் கழுதை.

"ஏன்ப்பா அவர் மாதிரி பேசின?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"பயம்மா," என்றார். "வேற ஒண்ணுமில்ல. சும்மா பயந்துட்டேன்."

அவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, இப்ப பேசு. புலி வந்து நிக்குமே, அந்த இடம்."

தவளையார் தொண்டையைச் செருமினார். பாழாய்ப்போன உடம்பில் இன்றும் சளி இல்லை. குரலை அடியிலிருந்து இழுத்தார், மூக்கை அடைக்கப் பார்த்தார், பாதி வழியில் அது கிறீச்சிட்டு எங்கோ போனது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

"புலி சார், எனக்குப் பயமே கிடையாது. காலு நடுங்குது, வாஸ்தவம். அது அதோட சொந்த விஷயம்."

இந்தத் தடவை பாப்கார்ன் வரிசை திரும்பவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை வாயே திறக்காத, பல்லுக்குக் கம்பி போட்ட பெண், நீதிபதி மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "முதல் பாகத்துலதான் அங்கிள் நல்லா இருந்துச்சு."

"ஆமாம்மா," என்றார் தவளையார். மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் அதேதான் தோணுது."