வியாழக்கிழமை முறை

மூன்றாவது தடவையும் இல்லத்தின் வாசல் கதவில் ஒட்டிய மரண அறிவிப்பைக் காணோம். டேப் துண்டுகள் மட்டும் தொங்கின. நெவெனாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு மணிக்கு அடக்கம். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அவித்த கோதுமைக்கு இன்னும் சர்க்கரைப்பொடி தூவவில்லை, வண்டிக்காரர் போனை எடுக்கவில்லை, இந்த லட்சணத்தில் ஒரு தாளை எத்தனை தடவைதான் ஒட்டுவது?

"யாரு கிழிச்சது?"

"கிழிக்கல அக்கா, எடுத்தேன்," என்றான் ஸ்பாஸ். ஐம்பது வயதுக்காரன். காலை ஆறு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டான். அவள் தம்பி ஒக்னியானோடு பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்தவன். "அதோட இடம் இது இல்ல."

அவன் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். மனவளர்ச்சி குன்றியவர்கள் சேர்ந்து வாழும் அந்த இல்லத்தில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அதனால் வேலைப் பலகையில் எழுத்துக் கிடையாது. துடைப்பம் வரைந்த கொக்கியில் யார் படம் தொங்குகிறதோ அவர் பெருக்க வேண்டும். தட்டு வரைந்த கொக்கியில் இப்போது மரண அறிவிப்பு தொங்கியது. அதில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கை நிறைய நுரையோடு ஒக்னியான் சிரித்தான்.

அது அந்தக் கொக்கியில் இருந்த படமேதான். அச்சகத்தில் படம் கேட்டபோது நெவெனாவிடம் தம்பியின் படம் ஒன்றுகூட இல்லை. இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ராத்காதான் இதைக் கழற்றிக் கொடுத்தாள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

"இன்னிக்கு வியாழன். பாத்திரம் அவன் முறை," என்றான் ஸ்பாஸ். தொட்டியில் காலைத் தட்டுகள் அப்படியே கிடந்தன.

"அவன் செவ்வாக்கெழமையே செத்துட்டான் ஸ்பாஸ். நீதானே மொதல்ல பாத்த?"

"தெரியும். ஆனா முறைய யாருக்கும் மாத்திக் குடுக்கலயே."

"விடுப்பா, நான் கழுவுறேன்," என்றாள் ராத்கா.

"உங்களுக்கு முறையே கெடையாது."

அவர்களோடு இருக்கும் மில்கா, தாளில் விரலை வைத்து, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். ராத்கா வாசித்தாள்: "நாற்பத்தேழாம் வயதில் எங்களை விட்டுப் பிரிந்தார். ஆழ்ந்த துயரத்துடன், குடும்பத்தார்."

"குடும்பத்தார்னா யாரு?"

நெவெனா கடிகாரத்தைப் பார்த்தாள். பெயர் வேண்டாம் என்று அச்சகத்தில் சொன்னது அவள்தான்.

"நாமதான். வேற யாரு?" என்றான் ஸ்பாஸ்.

ராத்கா நெவெனாவைப் பார்க்காமல் கோதுமைத் தட்டைத் துடைத்தாள்.

"சொந்தக்காரங்க வாசல்லயும் ஒட்டணுமே. உங்க வாசல்ல ஒட்டிட்டீங்களா அக்கா?" என்று கேட்டான் ஸ்பாஸ்.

"ஒட்டிட்டேன்."

பொய். மீதித் தாள்கள் கைப்பையில்தான் இருந்தன. அந்தக் குடியிருப்பில் அவள் குடிவந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் யாரோ கேட்டதற்கு, கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவைத்தாள். அதையே இன்றுவரை காப்பாற்றி வந்தாள். இன்று சாயங்காலம்வரை காப்பாற்றிவிட்டால் போதும், அப்புறம் கேட்க ஆளே இருக்காது. காலையில் பேருந்தில் வரும்போது இப்படித்தான் நினைத்தாள். இப்போது அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கோட்டைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டினாள். "அவன் முறைய நான் எடுத்துக்கறேன். அக்கா செய்யலாம்ல?"

ஸ்பாஸ் பலகையின் கொக்கியைப் பார்த்தான். "உங்க படம்?"

"இல்லயே."

"சரி. அவன் படமே இருக்கட்டும்."

அவள் கழுவக் கழுவ அவன் ஒவ்வொரு தட்டையும் வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான். "ஒக்னியான் இப்படி விடமாட்டான்." அவள் மறுபடி கழுவினாள்.

அடக்கம் முடிந்து அவள் வீடு சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. டான்யூப் ஆற்றுப் பக்கத்திலிருந்து அடித்த காற்றில், கைப்பையிலிருந்து எடுத்த தாள் படபடத்தது. பேனாவை எடுத்து, 'குடும்பத்தார்' என்பதன் பக்கத்தில் 'அக்கா நெவெனா' என்று எழுதினாள். கொஞ்சம் நின்று, அதன் கீழே 'ஸ்பாஸ், மில்கா' என்றும் எழுதினாள். பிறகு குடியிருப்பின் பொதுக் கதவில் ஒட்ட ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டு டோங்கா காய்கறிப் பையோடு வந்து நின்று வாசித்தாள். படத்தையும் நெவெனாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தம்பி இருந்தானா?"

"ஆமா."

"ஏப்ரன் கட்டியிருக்கானே. சமையல்காரனா?"

"இல்ல," என்றாள் நெவெனா. "வியாழக்கெழம பாத்திரம் அவன் முறை."

மேல் மூலை பிரிந்துகொண்டே வந்தது. டோங்கா பையைக் கீழே வைத்துவிட்டு அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நெவெனா பல்லால் டேப்பைக் கடித்தாள்.